தவிட்டுப்பழச் சாயம்

தவிட்டுப்பழச் செடிக்குச் சாணி வைக்காதீர்கள். அடுப்புச் சாம்பல் போடாதீர்கள். தண்ணீர் தேங்குகிற இடத்தில் நடாதீர்கள், தலைக்கு மேல் நிழல் கட்டாதீர்கள். இத்தனையும் செய்து இரண்டு செடிகளைக் கொன்றவள் நான். ஆகவே இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

இப்போது பண்டாரவளையில் வீட்டு வாசலில் வைக்க ஆசைப்பட்டு என்னிடம் கன்று கேட்டு வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கன்றுக்காக வருவதில்லை, கதைக்காக வருகிறார்கள். “உங்களை ஒரு செடி காப்பாத்துச்சாமே?” என்று கண்ணை அகல விரித்துக் கேட்பார்கள். கேட்டதும் எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். அந்தக் கதை முக்கால்வாசி பொய். அதனால்தான் இதை நானே எழுதிவைக்கிறேன். எழுத்து எனக்கு முப்பது வயதுக்கு மேல் வந்தது. தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்த பிறகு, பாதிரிமார் பள்ளிக்கூடத்து வராந்தாவைக் கூட்டிக்கொண்டே கரும்பலகையைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். வாய் அதற்கு வெகு நாள் முன்பே வந்துவிட்டது.

அப்புத்தளை மலைமுகட்டுக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்தேன். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே காடு, காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே ஒரு புல்லுக்கரை. அந்தக் கரை நெடுக தவிட்டுப்பழச் செடிகள் நின்றன. இடுப்புயரம் இருக்கும், சில தலைக்கு மேலேயும் போகும். இலை தடிப்பு, மேலே நல்ல பச்சை, திருப்பினால் அடியில் வெள்ளைச் சுணை. பூ ரோசா நிறத்தில் விரிந்து, போகப் போக வெளுக்கும், அதனால் ஒரே செடியில் ரெண்டு நிறப் பூ நிற்கும். பழம் சுண்டுவிரல் நுனி பருமன், தலையில் ஒரு சின்னக் கிரீடம், தோல் மேலே தவிட்டை ஒற்றி எடுத்ததுபோல ஒரு பூச்சு. கடித்தால் தித்திப்பு, பல்லுக்கு நறநறவென்று விதை. தின்றவர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். திறந்தால் நாக்கு ஊதா நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த நாக்குதான் என்னை மாட்டிவிட்டது.

என் புருஷன் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயிற்றுப்போக்கு என்று மாட்டு வண்டியில் பதுளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும், அதற்கப்பால் வண்டிதான். வண்டி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கெட்டவன் இல்லை. அடிக்கவும் அடித்தான், அடித்துவிட்டு அழவும் அழுதான். அவன் போனபோது எனக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ வயது. பிள்ளை இல்லை. அவனுக்காக நான் மெய்யாகவே அழுதேன். அழுது முடித்த பிறகு ஒருநாள் காம்பராவுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். பத்தடிக்குப் பத்தடி அறை, புகை பிடித்த சுவர், ஒரு அடுப்பு, ஒரு பாய். அப்பனும் புருஷனும் போட்ட தாழ்ப்பாளுக்குள்ளேயே அதுவரை இருந்தவள் நான். முதல் முறையாக நானே போட்ட தாழ்ப்பாள் அது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று தரம் திறந்து திறந்து போட்டுப் பார்த்தேன்.

ஆனால் தோட்டத்தில் காம்பரா என்பது குடும்பத்துக்கு. தனிப் பொம்பளைக்குக் கிடையாது. கொடுப்பதும் எடுப்பதும் பெரிய கங்காணி கையில் இருந்தது. எங்கள் குடும்பங்களை இந்தியாவிலிருந்து கூட்டி வந்தவர், எங்கள் எல்லோருக்கும் மேலே நிற்பவர், துரைக்கும் எங்களுக்கும் நடுவே உள்ள ஒரே வாசல். அவருக்கு ஒரு மச்சான் இருந்தார். நாற்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர். அவருக்கு என்னைக் கட்டிவைத்தால் ஒரு காம்பரா மிச்சம் என்று கங்காணி நினைத்தார். எங்கள் ஆட்களில் அறுத்துக்கட்டுவது, அதாவது புருஷன் போனவள் மறுதாலி கட்டிக்கொள்வது, உண்டு, அதில் குற்றம் ஒன்றும் இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் குற்றம்.

ஆனி மாதம், பழக் காலம். பெரட்டுக்குப் போகும் வழியில் புல்லுக்கரையில் ஒரு கை பறித்துத் தின்றுவிட்டுப் போனேன். பெரட்டு என்றால், விடிந்தும் விடியாமல் எல்லோரும் வரிசையில் நின்று யாருக்கு எந்த மலை என்று கேட்டுக்கொள்கிற களம். அரை வெளிச்சம். என் பேரைக் கூப்பிட்டதும் “இருக்கேங்க” என்றேன். கங்காணி என் வாயை உற்றுப் பார்த்தார்.

“என்ன புள்ள, வாய் செவந்திருக்கு? தாலி அறுத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள வெத்தல கேக்குதோ?”

எங்கள் ஆட்களுக்கு அதன் பொருள் தெரியும். தாலி அறுத்தவள் வெற்றிலை போடமாட்டாள். போட்டால் ஆள் தேடுகிறாள் என்று அர்த்தம். வரிசையில் நாலைந்து பேர் கிசுகிசுத்தார்கள். அவர் குரலை இன்னும் உயர்த்தினார். “சரி, ஆசை வந்துருச்சு. ஒளிச்சு மறைச்சு எதுக்கு? மச்சானுக்குச் சொல்லி ஒரு சேலை எடுத்துடறேன்.”

நான் வரிசையை விட்டு வெளியே வந்து, அவர் முகத்துக்கு நேரே நாக்கை முழுசாக நீட்டினேன். காலை வெளிச்சத்தில் ஊதா நாக்கு.

“வெத்தலை இந்த நெறமாங்க? தவுட்டுப்பழங்க!”

பெரட்டுக் களமே கொல்லென்று சிரித்தது. அவர் பக்கத்தில் நின்ற மச்சானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கங்காணிக்கு முகம் கறுத்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் ஒரு பெரிய மனுஷனுக்கு நாக்கை நீட்டினால் சும்மா விடுவாரா?

“சிரிங்க, சிரிங்க,” என்றார். “இன்னும் பத்து நாள்ல அந்தக் கரைய வெட்டித் தேயில போடப்போறோம், தொர உத்தரவு. அப்புறம் எதத் தின்னுட்டு நாக்க நீட்டுவ?”

“ஒண்ணப் பேத்தாந்து லயத்துல வச்சுக்கறேன்.”

“காட்டுச் செடி லயத்துல பொழைக்காது. தனிப் பொம்பளையும் லயத்துல பொழைக்க மாட்டா. ரெண்டும் ஒண்ணுதான்.”

“செடி பொழச்சா?”

“பொழச்சா ஒங் காம்பராவுல நீயே இரு, நான் வாயத் தொறக்கல. பொழைக்காட்டி மச்சானுக்குக் கழுத்த நீட்டிடணும். சித்திர முடியற வரைக்கும் தவண. சம்மதமா?”

“சம்மதம்,” என்றேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். மலைக்குப் போகும் வழியெல்லாம் அடுத்த காம்பரா அக்கா என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். “அடியே, செடி பொழைக்கிறதும் சாகுறதும் ஒங் கையிலயா இருக்கு? எந்தக் கிறுக்கி இப்படிப் பந்தயம் கட்டுவா?” செடி வளர்ப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். நான் தேயிலைக்காரி, பொறந்ததிலிருந்து செடியோடு கிடக்கிறவள். அந்த நினைப்பே என் முதல் தப்பு.

முதல் செடியைக் கரையிலிருந்து பிடுங்கி வந்து, மூங்கில் வழியாக மலைத் தண்ணீர் இறங்குகிற பீலிப் பக்கம் நட்டேன். ஆனி ஆடியில் ஊவாப் பக்கம் காற்று உலர்த்தி எடுத்துவிடும், அதனால் ஈரம் நல்லது என்று பட்டது. போதாததற்கு அடுத்த வாரமே கவ்வாத்து வெட்டினேன். ஆமாம், தேயிலைக்கு வெட்டுவதுபோல அரையடி விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டினேன். தேயிலை வெட்ட வெட்டத் தழைக்கும். இதுவும் தழைக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. வேர் பிடித்த செடியை வெட்டினால் துளிர்க்கலாம். நட்ட மறுவாரமே கத்தியைப் போட்டால் எது துளிர்க்கும்? வேர் சொதசொதவென்று அழுகி, ஆடி முடிவதற்குள் போய்விட்டது.

கரை வெட்டுவது தள்ளிப்போய் ஆவணியில்தான் நடந்தது. இரண்டாவதை அந்த நாளில் மண்வெட்டிக்கு முன்னால் ஓடி எடுத்து வந்தேன். காம்பரா வாசலில் வைத்தேன். அக்கா தன் மாட்டுச் சாணியைக் கொடுத்தாள், நான் அடுப்புச் சாம்பலைப் போட்டேன், வெயில் படாமல் பெரணித் தழையால் கூரை கட்டினேன், காலையும் மாலையும் கழுநீர் ஊற்றினேன். நாற்று மேடையில் தேயிலைக் கன்றுக்கு அப்படித்தான் செய்வோம். இந்தச் செடியோ இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, ஒவ்வொன்றாக உதிர்த்தது. நான் இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டேன். ஐப்பசி மழைக்கு அது வெறுங்குச்சி.

அந்த வழியாகப் போன கங்காணி நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. “என்ன புள்ள, சேலைக்கு என்ன நெறம் எடுக்கச் சொல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழுதேன், கோபத்திலும் அழுதேன். கோபம் அந்தக் குச்சி மேலும்தான். இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தேனே, உனக்கு என்ன கேடு என்று அதைத் திட்டினேன்.

புல்லுக்கரை அதற்குள் மொட்டையாகிவிட்டது, அங்கே ஒரு செடியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லாத நாளில், ஒரு கொழுந்துக் கூடையும் சாக்கும் எடுத்துக்கொண்டு ரயில் பாதை வரைக்கும் ஏறினேன். அங்கே பாதைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய மண் சுவர் சிவப்புச் சரளை, அதில் புல்லுகூட ஒழுங்காக முளைக்கவில்லை. பெரணி மட்டும் அங்கங்கே. அந்தச் சரளையில், நாள் முழுக்க வெயிலும் காற்றும் அறைகிற பக்கமாகப் பார்த்து, என் தவிட்டுப்பழச் செடிகள் வரிசையாக நின்றன. சும்மா நிற்கவில்லை, கொழுத்து நின்றன!

அப்படியே பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இதற்கு யார் சாணி வைத்தது? யார் கூரை கட்டியது? ரயில்தான் போகும்போது புகை விடுகிறது. எத்தனையோ வருஷம் இந்தச் செடியில் பறித்துத் தின்றிருக்கிறேன், அது எங்கே நிற்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. பழத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள்ளே இருட்டில் அது இல்லை. காடு முடிகிற வெளிச்சத்தில் இருக்கிறது. பள்ளத்தில் இல்லை, தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடுகிற சரிவில் இருக்கிறது. நல்ல மண்ணில் இல்லை. வேறு எதுவும் வேண்டாம் என்று விட்ட புளித்த மண்ணில் இருக்கிறது. எனக்கு நல்லது எதுவோ அதை அதற்குச் செய்துகொண்டிருந்தேன். கங்காணியும் எனக்கு அதைத்தானே செய்யப் பார்க்கிறார் என்று அப்போது தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு சாண் உயரக் கன்றாகப் பார்த்து, வேரைச் சுற்றி மண் உடையாமல் தோண்டி ஈரச் சாக்கில் சுற்றினேன். கூடை நிறைய அந்தச் சரளை மண்ணையே அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். எதிரே வந்தவர்கள் எல்லாம், “என்ன, ரயில் பாதைய வித்துட்டியா?” என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

லயத்தைச் சுற்றி அப்படிப்பட்ட ஒரே இடம் காமன் பொட்டல். வருஷா வருஷம் மாசியில் ஆண்கள் அங்கே காமனுக்குக் கம்பம் நட்டு, கூத்து ஆடி, கடைசி நாளில் சிவன் எரித்ததாகக் கம்பத்தைக் கொளுத்துவார்கள். பிறகு ரதி அழுது மன்றாடிக் காமனை எழுப்புவாள். மற்ற நாளில் அது சும்மா கிடக்கும் இறுகின செம்மண் திடல். துரைகூட அதில் தேயிலை வைக்கச் சொன்னதில்லை. நான் ஓரமாகக் குழி தோண்டினேன். ஆண்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள்.

“காமன் பொட்டல்ல பொம்பள குழி தோண்டறதா? அதுவும் தாலி அறுத்தவ!”

“காமனே பொண்டாட்டி அழுது பொழச்சவருதானே,” என்றேன் நிமிராமல். “பொம்பள கைய அவரு கோவிச்சுக்க மாட்டாரு. நீங்க போய் ஒங்க வேலையப் பாருங்க.”

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். குழியில் சரளை மண்ணையே போட்டு, கன்றை மண்ணோடு இறக்கி, ஒரே ஒரு தரம் தண்ணீர் விட்டேன். அதற்குப் பிறகு கை வைக்கவில்லை. கார்த்திகை மழை பெய்தது, நின்றது, பெய்தது. தினம் தூரத்தில் நின்று பார்ப்பேன். தொடக்கூடாது என்று என் கையை நானே பிடித்துக்கொண்டேன், அதுதான் பெரிய கஷ்டம். மார்கழியில் நுனியில் இரண்டு இலை விட்டது, சின்னதாக, வெள்ளைச் சுணையோடு. தை முடிய நாலு கிளை.

இங்கே அந்த மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேஷம் அவருக்குத்தான், ஆண்கள்தானே கட்டுவார்கள். மீசையை மழித்துச் சேலை கட்டி அவர் ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும். பந்தயம் கட்டிய புதிதில் நான் இதை வைத்து ஊர் முழுக்கக் கிண்டல் செய்தேன். “ரதி வேஷம் கட்டறவருக்கு எதுக்குப் பொண்டாட்டி? நல்ல புருஷனாப் பாருங்க!” அவர் காதுக்கும் அது போயிருக்கும். ஒருநாளும் என்னைத் திருப்பி ஒரு சொல் சொன்னதில்லை.

கூத்துப் பழகத் தொடங்கியதும் பொட்டலெங்கும் ஆட்கள் மிதித்துத் திரிந்தார்கள். நான் பதறிக்கொண்டு போனேன். மச்சான் செடியைச் சுற்றி நாலு கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“வேலியும் கட்டிரவா, புள்ள?”

“வேணாங்க. செடி பொழச்சா ஒங்களுக்குப் பொண்டாட்டி கெடையாது. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு,” என்றார். “அதுக்குச் செடி என்ன பாவம் பண்ணுச்சு?”

கடைசிக் கல்லை நான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் கம்பம் கொளுத்துகிற நாளில் காற்று எழும்பிவிட்டது. நான் போகவில்லை, என் நிலையில் இருப்பவள் முன்னால் நிற்கக்கூடாது என்பார்கள், எனக்கும் போய்ச் சண்டை போட அன்று தெம்பில்லை. காலையில் அக்கா கதவைத் தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வைக்கோல் பிரி பற்றிப் பறந்து, காய்ந்த புல்லில் விழுந்து, பொட்டலின் அந்த ஓரம் முழுக்க எரிந்திருந்தது. என் செடி இருந்த இடத்தில் நாலு கல்லும் நடுவே விரல் நீளக் கரிக்கட்டையும்.

“மச்சான் அணைக்கப் பாத்தாருடி,” என்றாள் அக்கா. “ரதி சேலையோடயே விழுந்து அடிச்சாரு. கை வெந்துபோச்சு.”

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. காற்று செய்தது. யாரையாவது திட்டலாம் என்றால் ஆளே இல்லை.

அவர் கைக்கு மருந்து அரைத்து அக்காவிடம் கொடுத்து அனுப்பினேன். அதற்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு. உனக்காகக் கையைச் சுட்டுக்கொண்டவன், இதைவிட என்னடி வேண்டும்? எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள்? நல்ல மனுஷன்தானே? நல்ல மனுஷன்தான். அதை நான் மறுக்கவே இல்லை. நல்ல மனுஷன் என்பதற்காக ஒருவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றால், பூமியில் நல்ல மனுஷர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லோரையும் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் பெரட்டு. கங்காணி வரிசையைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, நிதானமாக என் முன்னால் வந்து நின்றார்.

“செடி போச்சு, புள்ள.”

“ஆமாங்க, போச்சு.”

“அப்ப வைகாசியில நாள் பாத்துருவோம்.”

பின்னாலிருந்து அக்கா என் இடுப்பைக் கிள்ளினாள். “சித்திர வரைக்கும் நாள் இருக்குன்னு சொல்லுடி,” என்று பல்லுக்குள் சொன்னாள். “தவண கேளுடி!”

கேட்டிருக்கலாம், நாள் இருந்ததும் உண்மை. நான்காம் செடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கரிக்கட்டையைப் பார்த்ததிலிருந்து எனக்குள்ளே வேறு ஒன்று புகைந்துகொண்டிருந்தது. என் கதவுத் தாழ்ப்பாளைக் கொண்டுபோய் ஒரு செடியின் கிளையில் மாட்டிவைத்தது யார்? நான்தான். கங்காணி கேட்டார், நான் சம்மதம் என்றேன். காற்று அடித்தால் நான் ஒருவரின் மனைவி, மழை பெய்தால் இல்லை. இது என்ன கூத்து?

“நான் கட்டிக்க மாட்டேங்க,” என்றேன்.

கங்காணி குரலை உயர்த்தினார்.

“இதே பெரட்டுல, இத்தன பேரு முன்னால வார்த்த குடுத்தியா இல்லியா?”

“குடுத்தேன்.”

“அப்புறம்?”

“இதே பெரட்டுல, இத்தன பேரு முன்னால திருப்பி எடுத்துக்கறேன்.”

“வார்த்த மாறுறியா?”

“ஆமாங்க. மாறுறேன்.”

எங்கள் ஆட்கள் சோறு இல்லை என்றால் மன்னிப்பார்கள், சொல் மாறினவளை மன்னிக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் மாறினேன். இன்றைக்குக் கேட்டாலும் மாறுவேன்.

கங்காணி மச்சானைப் பார்த்தார். அவர் துணி சுற்றிய கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்காகப் பேசவில்லை, எனக்கு எதிராகவும் பேசவில்லை.

“அப்பக் காம்பராவக் காலி பண்ணு.”

“நான் பண்ண மாட்டேங்க. நீங்களே வந்து எஞ் சட்டி பானையத் தூக்கி வெளிய வைங்க. தொர என்னத்துக்குன்னு கேட்டா, நல்லாக் கொழுந்து எடுக்கறவதான், எம் மச்சானக் கட்ட மாட்டேன்னுட்டா, அதனால வெரட்டுறேன்னு நீங்களே சொல்லுங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் ஆத்திரத்தில் அன்றே என்னைத் தூக்கி எறிந்திருப்பார். அவர் வரிசையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, “நேரமாச்சு. மலைக்குப் போங்க எல்லாரும்,” என்று திரும்பினார். எனக்கு அன்று தோட்டத்திலேயே செங்குத்தான மலை, மறுநாளும் அதே மலை. இரண்டு மாதம் அந்தச் சரிவில் கால் நகம் பெயர நின்றேன். லயத்தில் பாதிப் பேர் பீலியில் என் குடத்துக்குப் பக்கத்தில் தங்கள் குடத்தை வைக்கவில்லை. ஆனால் சட்டி பானையைத் தூக்க யாரும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் வந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.

சித்திரை மழை விழுந்து எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். “பொழச்சிருச்சுடி! செடி பொழச்சிருச்சு!” போய்ப் பார்த்தேன். கரிக்கட்டைக்குக் கீழே, மண்ணோடு மண்ணாக, ஐந்து துளிர். வருஷா வருஷம் நெருப்பு வைக்கிற புல்லு மலையில் பிறந்த சாதி அது. சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டினால் செத்துப்போகும், மேலே எரித்தால் அடியிலிருந்து வரும். அதன் குணம் அது. எனக்காக அது வரவில்லை.

ஆனால் அன்று மாலைக்குள் கங்காணி பெரிய மனது பண்ணிவிட்டார். “செடி பொழச்சிருச்சு. பந்தயத்துல நான் தோத்துட்டேன். சொன்ன சொல் தவறமாட்டேன், அவ காம்பராவுல அவ இருந்துட்டுப் போகட்டும்,” என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி. நான் சொல் மாறியது அழிந்துபோனது, அவர் சொல் காத்தவர் ஆகிவிட்டார். மறுநாளே எல்லாக் குடமும் என் குடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. காமன் பொட்டலில் எரிந்து எழுந்த செடி, சாமி செடி என்று கற்பூரம்கூடக் காட்டினார்கள். கதை அங்கே பிறந்ததுதான்.

இரண்டு வருஷம் கழித்து அது காய்த்தது. முதல் பழத்தை மச்சானுக்குத்தான் கொடுத்தேன். தழும்பு விழுந்த கையில் வாங்கித் தின்றுவிட்டு, பெரட்டில் யாருக்கும் தெரியாமல் என் பக்கம் திரும்பி ஊதா நாக்கைக் காட்டினார். அந்தத் தோட்டத்தில் நான் அவ்வளவு சிரித்தது அன்றுதான்.

கங்காணி மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறதென்றால், அது அந்தச் சரிவு மலைக்காக இல்லை. ஒரு செடியிடம் தோற்றேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை. ஒரு பொம்பளையின் வாயிடம் தோற்றேன் என்று சொல்லத்தான் முடியவில்லை. அதனால் என் வாயை எடுத்துச் செடிக்குக் கொடுத்துவிட்டார். ஊரும் வாங்கிக்கொண்டது, இன்றுவரை அதையே சொல்கிறது.

கன்று வேண்டுமென்றால் வாருங்கள், அதன் மண்ணோடு தருகிறேன். வெயிலில் வையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். ஆனால் அது என்னைக் காப்பாற்றியது என்று மட்டும் என் வாசலில் நின்று சொல்லாதீர்கள். நான் மாட்டேன் என்று சொன்ன அன்று செடியில் ஒரு இலை இல்லை. என் நாக்கில் சாயமும் இல்லை. வெறும் நாக்குதான் சொன்னது.